மண்டல் மேடத்துக்கு ஹிந்தியில் சொன்ன நாவல்

நான் ஓய்வுபெற்று மூன்று வருடங்கள் ஆகின்றன. போன மாதம் ஒரு மதியம், நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் இப்போது தமிழ் எடுக்கும் மீனாட்சி போனில் கூப்பிட்டாள். பதினொன்றாம் வகுப்புக்குத் துணைப்பாட நாவல் வைப்பது இந்த வருடத்தோடு நிற்கப் போகிறது என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சாம். ஒரு பக்கப் பத்தி, அதன் கீழே ஐந்து கேள்வி, இனிமேல் அவ்வளவுதான். "மிஸ், அந்த அகதி நாவலை நீங்க எத்தன பீரியட்ல முடிப்பீங்க? எனக்கு எட்டுதான் தேறுது" என்றாள். எட்டு போதும் என்று சொல்லி, எந்தெந்த அதிகாரத்தை வேகமாகக் கடக்கலாம் என்றும் சொல்லிக் கொடுத்தேன்.

போனை வைத்த பிறகு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தேன். போர்ட் பிளேரின் டெலானிபூர் மேட்டிலிருந்து பார்த்தால் மழை கடலை நோக்கி இறங்கிப் போவது தெரியும். வீடுகளின் தகரக் கூரைகள் ஒவ்வொன்றாக நனைந்து கருத்துக்கொண்டே போகும். அந்த வருடமும் இப்படித்தான் பெய்தது. பத்து வருடத்துக்கு முந்தைய அந்த ஒரு வருடம் மட்டும் நான் அந்த நாவலை வகுப்பில் பாதியில் நிறுத்தினேன். பிறகு முதலிலிருந்து, பதினேழு நாள், வேறொரு அறையில் சொன்னேன். கேட்டவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து இங்கே அரசாங்கக் குமாஸ்தாவாக வந்தவர். நான் பிறந்தது இந்த மேட்டில், குவார்ட்டர்ஸில். கப்பலில் மெயின்லேண்ட் போய் மதுரையில் எம்.ஏ.யும் பி.எட்.டும் படித்தேன். திரும்பி வந்து வடக்கே ஒரு தீவில் ஆறு வருடம், பிறகு போர்ட் பிளேரில் மற்ற எல்லா வருடங்களும். என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் ஒரு தமிழ் பேசுவார்கள், மைதானத்தில் ஹிந்தி பேசுவார்கள், பரீட்சையில் நான் கொடுத்த நோட்ஸைப் பேசுவார்கள். அதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை.

நாவல் நடத்த எனக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் பீரியடில் புத்தகத்தைத் திறக்க விடமாட்டேன். கரும்பலகையில் ஒரு படம் போடுவேன்: இந்தப் பக்கம் இலங்கை, அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கரை, நடுவில் மணல் திட்டு. இரண்டாவது பீரியடில் இருந்து ஆளுக்கு ஒரு பக்கமாகச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்கிறவர் நிற்க வேண்டும், மற்றவர்கள் விரலை வரியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிகாரம் முடிந்ததும் மூன்று கேள்வி. மறுநாள் அதற்குப் பதில். இந்த முறையை நான் மாற்றியதே இல்லை.

அந்த நாவல் அப்போது வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. தயாளினி என்ற பெண் போருக்குத் தப்பித் தம்பியோடு படகேறுகிறாள். படகுக்காரன் இருவரையும் நடுக்கடல் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறான். தம்பி அங்கேயே இறந்துபோகிறான். ஆனால் அவன் பெயர் எப்படியோ முகாம் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. வாரம் ஒரு முறை முகாமில் பெயர் கூப்பிடுவார்கள். தம்பியின் பெயர் வரும்போதும் அவளே "இருக்கிறேன்" என்று சொல்லிவிடுவாள். பெயர் கூப்பிடுகிற குமாஸ்தா அருளப்பனுக்கு அது தெரியும். தெரிந்தும் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அந்த மௌனத்தில்தான் இருவருக்கும் ஒரு சிநேகம் தொடங்குகிறது. அவருக்கு அவள் மொழியே பாதி புரியாது, அவளுக்கு அவர் மேல் பயம். இந்தப் பெயர் கூப்பிடும் காட்சி வருவது ஒன்பதாம் அதிகாரத்தில்.

அந்த அதிகாரத்தை வாசிக்க அன்று முறை வந்தது சுகந்திக்கு. மெல்லிய குரலுள்ள பிள்ளை. அவள் குடும்பம் கச்சால் தீவிலிருந்து வந்தது. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுக் கச்சாலில் ரப்பர் பால் எடுக்கக் குடியேறியவர்கள். சுனாமிக்குப் பிறகு அங்கிருந்தும் கிளம்பிப் புரோத்ராபூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அப்பா முத்தையா ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் லஸ்கர். கப்பல் வந்து ஒதுங்கும்போது கயிற்றைப் பிடித்துக் கட்டுகிற வேலை.

சுகந்தி பக்கத்தின் நடுவில் நிறுத்தினாள். வார்த்தை தெரியவில்லையோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் புத்தகத்தைப் பார்த்தபடியே, "மிஸ், நானும் இப்படிச் சொல்லியிருக்கேன். அப்பா சொல்லச் சொன்னாங்க" என்றாள்.

இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தைச் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்ததைக் கண்டவள் நான். என் நெஞ்சு துள்ளியது, மறைக்க மாட்டேன். சொல்லு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லு என்றேன். அவள் சொன்னாள். சுனாமி முகாமில் அவளுக்கு ஐந்து வயது. அவள் பெயரைக் கூப்பிட்டதும் கை தூக்கி இருக்கேன் என்பாள். பிறகு பின்பக்க வராந்தா வழியாக அடுத்த அறைக்கு ஓடுவாள். அங்கே அவள் அக்கா ரஞ்சனியின் பெயரைக் கூப்பிடுவார்கள். அதற்கும் அவளே கை தூக்கிச் சொல்வாள். ரஞ்சனி ஏழு வயதில் கச்சாலிலேயே தண்ணீரோடு போய்விட்டவள்.

"அதக் கனவுன்னு நெனச்சிட்டிருந்தேன் மிஸ். அடிக்கடி வரும். வராந்தால ஓடிக்கிட்டே இருப்பேன்."

நான் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பி, ஒரு வார்த்தை சொன்னேன். அதைப் பிறகு சொல்கிறேன். மணி அடித்தது.

சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு ஜெட்டிக்குப் போய்விட்டது. வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் சித்தப்பாவும் அங்கே வேலை பார்த்தார். கயிறு கட்டிக்கொண்டிருந்த முத்தையாவிடம், செத்த பிள்ளைக்கு ஆஜர் போட்டாயாமே என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். மறுநாள் சுகந்தி வரவில்லை. அதற்கு மறுநாள் ஒரு வெள்ளைத் தாள் வந்தது. ஜெட்டியில் யாரோ ஹிந்தியில் எழுதிக் கொடுத்து, கீழே முத்தையா தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். வீட்டுச் சாவுகளை டீச்சர் வகுப்பில் வைத்துப் பிள்ளைகளைச் சொல்ல வைக்கிறார், அந்தப் புத்தகத்தை நிறுத்த வேண்டும், என் மகளை இனிப் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன். அவ்வளவுதான் இருந்தது.

எங்கள் முதல்வர் மண்டல் மேடம். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து டிக்லிபூர் பக்கம் காட்டைத் திருத்திக் குடியேறிய குடும்பம். ஒல்லியாக, நரைத்த கூந்தலை இறுக முடிந்து, பருத்திச் சேலையில் இருப்பார். அவர் யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் அறைக்குப் போவதென்றால் எல்லோரும் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். காரணம் அவருடைய ஒரு பழக்கம். நாம் சொன்ன கடைசி வாக்கியத்தை நம்மிடமே திருப்பிச் சொல்வார். கேள்வி போலவும் இருக்காது, கேலி போலவும் இருக்காது. மேசைமேல் ஒரு பொருளை எடுத்து வைப்பது போல வைப்பார். தன் வாக்கியத்தை அடுத்தவர் வாயால் கேட்டதும் பாதிப் பேர் அதை மாற்றிக்கொள்வார்கள். பேசும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார், காகிதம் பறக்கக் கூடாதென்று. ஃபைலை மூடி, நாடாவைக் கட்டி, முடிச்சை நடுவில் சரிசெய்த பிறகுதான் பேச ஆரம்பிப்பார்.

மூன்று நாளுக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்கச் சொன்னார். ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பாடத்திட்டத்தில் உள்ள புத்தகம், மாணவி தானாகவே சொன்னாள், நான் வற்புறுத்தவில்லை. எல்லாம் உண்மைதான். அவர் படித்தார். நாடாவைக் கட்டினார். இதில் ஒரு வரி குறைகிறது என்றார். அந்தப் பெண் சொல்லி முடித்த பிறகு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

நான் வகுப்பில் சொன்னது இதுதான்: "பாத்தீங்களா, இலக்கியம்னா இதுதான்."

அதை அவருக்கு ஹிந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. "யஹீ ஸாஹித்ய ஹை" என்றேன். அவர் திருப்பிச் சொன்னார். அந்த நிசப்தமான அறையில், இறந்துபோன ஏழு வயதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் அந்த வாக்கியம் போய் நின்றதைக் கேட்டேன். சொல்லியிருக்கக் கூடாது மேடம் என்றேன். அவர் என் விளக்கத்தின் கீழே அந்த வரியையும் எழுதிக் கையெழுத்திடச் சொன்னார். எழுதினேன்.

பிறகு புத்தகத்துக்கு வந்தார். முறையீடு புத்தகத்தின் மேல் இருக்கிறது, அதைப் பற்றி அவர் அபிப்பிராயம் எழுதியாக வேண்டும். ஆனால் தமிழ் படிக்கத் தெரியாது. மெயின்லேண்டுக்கு அனுப்பி யாராவது பேராசிரியரிடம் கேட்டால் வருடமே முடிந்துவிடும். படிக்காத புத்தகத்தை நிறுத்தவும் மாட்டேன், வைத்திருக்கவும் மாட்டேன் என்றார். கடைசி பீரியட் முடிந்ததும் தினமும் என் அறைக்கு வாருங்கள். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், எதையும் விடாமல் எனக்குச் சொல்லுங்கள். அதுவரை வகுப்பில் நாவல் வேண்டாம். முறையீடு முடியும்வரை அந்த வீட்டுக்கும் நீங்கள் போகக் கூடாது.

அப்படித் தொடங்கியது. இன்று யோசித்தால் அந்த நாட்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே நீண்ட மாலையாகத் தெரிகின்றன. பிள்ளைகள் போன பிறகு பள்ளிக்கு ஒரு வெற்றுச் சத்தம் வந்துவிடும். திரைச்சீலை கடல் காற்றில் உள்ளே வரும், வெளியே போகும். கீழே ஃபீனிக்ஸ் பேயில் சின்னத் தீவுகளுக்குப் போகும் கப்பல் ஊதும். அந்த ஊதல் முடியும்வரை நான் நிறுத்திக்கொள்வேன், அவரும் காத்திருப்பார். மழை வலுத்தால் எதிர்மேடு மறைந்துபோகும். அறை மட்டும் எங்கோ மிதந்துகொண்டிருப்பது போல இருக்கும்.

என் ஹிந்தி கடைத்தெரு ஹிந்தி. அதில் மீன் வாங்கலாம், சண்டை போடலாம். தயாளினியின் மனதைச் சொல்ல அதில் எனக்கு வார்த்தை இல்லை. "அவள் நெஞ்சு கனத்தது" என்பதற்கு ஒன்றும் கிடைக்காமல், அவள் உட்கார்ந்துவிட்டாள் என்று சொல்வேன். பிறகுதான் தெரிந்தது, வார்த்தை குறையக் குறைய அவள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தாள் என்று. இத்தனை வருடம் நோட்ஸ் கொடுத்த நாவலை நானே அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, தமிழில் இவர்களை என்னவென்று சொல்வீர்கள் என்று மேடம் கேட்டார். அகதி என்றேன். அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். எங்கள் மொழியில் கதி என்றால் ஓட்டம், வேகம். அப்படியானால் அகதி என்றால் ஓடாதவரா, இவ்வளவு தூரம் ஓடி வந்தவரை ஓடாதவர் என்கிறீர்களே என்றார். எங்களுக்குக் கதி என்றால் போக்கிடம் என்றேன். போக்கிடம் அற்றவர். அவர் ஜன்னலைப் பார்த்தார். தன் அப்பா குடியேறிய முதல் பத்து வருடம், தென்னங்கன்று கூட நட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மறுபடி கிளம்பச் சொன்னால் மரத்தை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பாராம். இரண்டு அர்த்தமும் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டு, ஃபைலில் அன்றைய குறிப்பை எழுதினார். ஒவ்வொரு நாளும் எழுதுவார்: இன்ன அதிகாரம் ஆசிரியை சொல்லக் கேட்டேன். கையெழுத்து. தேதி.

எட்டாம் நாள் முடிவில், நாளைக்கு முறையிட்டவரை வரச்சொல்லியிருக்கிறேன் என்றார். எந்த அதிகாரத்தின் மேல் அவருக்குக் குறையோ அதை அவரும் முழுதாகக் கேட்க வேண்டும் என்றார்.

முத்தையா டியூட்டி உடுப்போடு வந்தார். கயிறும் டீசலும் கலந்த வாசனை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தடித்த உள்ளங்கைகளை முழங்கால்மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. நான் மேடத்தின் பக்கம் திரும்பி ஒன்பதாம் அதிகாரத்தைச் சொன்னேன். முகாமின் திடல், வரிசை, அருளப்பன் ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் கூப்பிடுவது, தம்பியின் பெயர், தயாளினி வாய் திறப்பது.

"குடும்பம் குடும்பமாக் கூப்புட மாட்டாங்க டீச்சரம்மா" என்றார் முத்தையா. தமிழில், தரையைப் பார்த்தபடி. "ரூமு ரூமாத்தான் கூப்புடுவாங்க. எங்கள ஒரு ஸ்கூல்ல வச்சிருந்தாங்க."

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஹிந்தியில் சொன்னேன். புத்தகத்தில் தவறு என்கிறார் என்றேன். மேடம் தலையசைத்தார். முத்தையா அந்தத் தவறைத் திருத்த ஆரம்பித்து, அப்படியே மீதியையும் சொன்னார்.

பூமி ஆடியபோது தோட்டத்து லயத்தில் வீட்டுச் சுவர் விழுந்து அவர் மனைவி லெட்சுமியின் கால் முறிந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு, சுகந்தியையும் இழுத்துக்கொண்டு ரப்பர் மேட்டில் ஏறிவிட்டார். ரஞ்சனி அப்போது கரையோரம் சித்தி வீட்டில் இருந்தாள். சித்தி பிழைத்தாள். ரஞ்சனி பிழைக்கவில்லை. போர்ட் பிளேருக்கு வரும் கப்பலில் லெட்சுமி காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு, ரஞ்சனி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சித்தியோடு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று சொல்லி வைத்தார்கள். கப்பலில் பெயர் எழுதியவர் அதைக் கேட்டு, ரஞ்சனியைச் சித்தி குடும்பத்தோடு எழுதிவிட்டார். முகாமில் இவர்களுக்கு ஏழாம் நம்பர் அறை, சித்திக்கு எட்டு. நடுவில் ஒரு சுவர்தான். தினமும் காலையில் பெயர் கூப்பிடுவார்கள்.

"அவ படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பா டீச்சரம்மா. அந்தப் பேரக் கூப்புட்டு யாரும் சத்தம் குடுக்கலன்னா அன்னிக்கே போயிருவான்னு தோணுச்சு. அதான் சின்னத அந்தப் பக்கம் ஓடச் சொன்னேன். பதினெட்டு நாளு. காலு கட்டு போட்டு அவ எந்திரிச்சு ஒக்காந்தப்புறம் நிறுத்திட்டு, புள்ள போனதச் சொன்னேன். சின்னது சத்தம் குடுத்தத மட்டும் அவகிட்ட நான் சொல்லவே இல்ல. பேரக் கூப்புடுறவருக்கும் ஏமாத்தினது தெரியாது. இத்தன வருசம் கழிச்சு ஜெட்டியில நிக்க வச்சுக் கேக்குறாங்க."

நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, தானே ஹிந்தியில் மேடத்திடம் சுருக்கமாகச் சொன்னார். கடைசியில், என் மனைவிக்கு இன்றுவரை இது தெரியாது என்று முடித்தார்.

"உஸே மாலூம் நஹீ" என்றார் மண்டல் மேடம். அவளுக்குத் தெரியாது. வழக்கம்போல எந்தத் தொனியும் இல்லாமல்.

முத்தையா அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் சொல்ல வேண்டும், பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைகள் மெதுவாக மூடிக்கொண்டன.

"மாலூம் ஹை, மேடம்" என்றார். பிறகு என்னிடம், "தெரியும் டீச்சரம்மா. பெத்தவளுக்குப் புள்ள கொரலு தெரியாமப் போகுமா" என்றார்.

மேடம் அன்றைய குறிப்பில் அதிகாரத்தின் எண்ணையும், முறையிட்டவர் உடனிருந்தார் என்பதையும் மட்டும் எழுதினார். மற்ற எதையும் எழுதவில்லை. முத்தையா வாசல்வரை போய் நின்றார். அந்தக் குமாஸ்தா பிறகு என்ன ஆனார் என்று கேட்டார். நாளைக்கு வந்தால் தெரியும் என்றார் மேடம். அதன் பிறகு டியூட்டி இல்லாத நாளெல்லாம் வந்தார். வர முடியாத நாளின் கதையை மறுநாள் மேடத்தின் அறைக்கு நடந்துகொண்டே நான் சுருக்கிச் சொல்வேன். கப்பல் ஊதும்போது நான் நிறுத்தினால், அது எந்தக் கப்பல், எங்கே போகிறது என்று அவர் சொல்வார். அவ்வளவு கப்பலைக் கட்டி அவிழ்த்தவர், முகாமுக்கு வந்த நாளுக்குப் பிறகு ஒரு கப்பலிலும் ஏறியதில்லையாம்.

முறையீடு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் இருக்கலாம், ஆனால் மாணவர் தன் வீட்டைப் பற்றி வகுப்பில் பேசும்படி எந்த ஆசிரியரும் கேட்கக் கூடாது, தானாகச் சொன்னால் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று மேடம் எழுதினார். எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அது என் பணிப் பதிவேட்டில் இருக்கிறது. நியாயம்தான். ஜெட்டியில் அப்படிக் கேட்டவர் பிறகு முத்தையாவிடம் வந்து பேசினாரா என்பது எனக்குத் தெரியாது.

சுகந்தி பதினோராம் நாள் பள்ளிக்குத் திரும்பினாள். மதிய இடைவேளையில் தனியாக அழைத்து, உன்னை அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்ல வைத்தது தப்பு, மன்னித்துக்கொள் என்றேன். ஒரு மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் சங்கடப்பட்டு நெளிந்தாள்.

"அன்னிக்குச் சொல்ல வச்சது பரவால்ல மிஸ். அக்கா மொகம் வர மாட்டேங்குது. அதான் கஷ்டமா இருக்கு. அவ பேரச் சொன்னா நான் கை தூக்குறதுதான் வருது."

சொல்லாமல் இருக்க அந்த மாதம்தான் கற்றுக்கொண்டிருந்தேன். அவளோடு நடையில் நின்றேன். மைதானத்தில் தண்ணீர் தேங்கி, வானம் அதில் கிடந்தது.

பதினேழாம் நாள் மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. முத்தையா வந்தார், சுகந்தியும் வந்தாள். அவர்களுக்குப் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இழுத்தபடி லெட்சுமி வந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை. அந்தக் கதை முடிகிறதாமே, கேட்டுவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்றாள். சுகந்தி ஒரு நாற்காலியை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

அந்த அம்மாவுக்கு ஹிந்தி அவ்வளவு வராது என்று முத்தையா சொன்னார். அப்படியானால் இன்றைக்குத் தமிழிலேயே சொல்லுங்கள் என்றார் மண்டல் மேடம். உங்களுக்கு என்றேன். நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். மின்விசிறியை நிறுத்தினார்.

கடைசி அதிகாரத்தில் அருளப்பனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வருகிறது. கிளம்பும் நாளில் தயாளினியைக் கூப்பிட்டுப் பதிவேட்டைத் திறந்து காட்டுகிறார். தம்பியின் பெயருக்கு நேரே எல்லாக் கட்டங்களும் வெறுமையாக இருக்கின்றன. வந்தான் என்று குறியும் இல்லை, வரவில்லை என்று கோடும் இல்லை. எழுதவும் மனசு வரவில்லை, அடிக்கவும் மனசு வரவில்லை அம்மா என்கிறார். தயாளினி அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போகிறாள். அதோடு நாவல் முடிகிறது.

முடித்துவிட்டு மேசையைப் பார்த்தேன். மேடத்தின் பேனா மூடியபடி இருந்தது.

லெட்சுமிதான் முதலில் பேசினாள், மகளிடம். "மொத நாளே தெரியும் தாயி எனக்கு. ரஞ்சனி ஊரு கேக்கக் கத்துவா. நீ மெல்லமாச் சொன்ன."

முத்தையா தலையைக் குனிந்துகொண்டார். அவள் கணவனைப் பார்க்காமலே, அவர் இருந்த பக்கமாகக் கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டாள்.

"செவுத்துல காத வச்சுக்கிட்டுக் கெடப்பேன்" என்றாள். "இங்கிட்டு ஒரு தடவ. அங்கிட்டு ஒரு தடவ. ரெண்டும் நீதான். ஒரு புள்ள ரெண்டு தடவ இருக்கான்னு மனசத் தேத்திக்குவேன்."

சுகந்தி அழுதாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் அசைந்தது. லெட்சுமி அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு, யாரையோ கூப்பிடுவது போலவும் இல்லாமல், தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போலவும் இல்லாமல், அந்தப் பெயரைச் சொன்னாள்.

"ரஞ்சனி."

சுகந்தியின் வலது கை மடியிலிருந்து சற்று எழும்பியது. நான் பார்த்தேன். பாதியில் நின்று, மறுபடி மடிக்கே போனது.

"அக்கா இல்லம்மா" என்றாள். "நான் இருக்கேன்."

லெட்சுமி மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டாள். "ம்" என்றாள்.

மேடத்துக்குச் சொல்வதற்காக நான் திரும்பினேன். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பெற்றோருக்காக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

"வாங்க, புரோத்ராபூர் பஸ்ஸு போயிரும்" என்றாள் லெட்சுமி. முத்தையா அவளை எழுப்பி நிறுத்தினார். மூவரும் படியிறங்கினார்கள். சுகந்தி முன்னால், ஒவ்வொரு படியாக நின்று திரும்பிப் பார்த்து, அம்மா கால் வைத்த பிறகு அடுத்த படிக்குப் போனாள்.